மலைக்குகை விகாரைகள்: வாசகர் கேள்வி பதில்

மலைக்குகைகளில் இருக்கும் புத்தர் கோயில்களைப் பார்க்கப் போவது பற்றிக் கொங்கு நாட்டு வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பசங்களுக்கு லீவு விட்டதும் அஜந்தா, எல்லோரா போலாம்னு இருக்கோங்க. கையில நாலு நாள்தான் இருக்கு. எப்படிப் பிரிச்சுக்கிறது? மே மாசம் போனாப் பரவாயில்லைங்களா?
(வாசகி, பெருந்துறை)

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள். அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். திங்கட்கிழமை அங்கே இருக்க நேர்ந்தால் எல்லோரா, செவ்வாய் என்றால் அஜந்தா. புதன் முதல் ஞாயிறு வரை எதை முதலில் பார்த்தாலும் சரி.

மே மாதம் வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அஜந்தா குகைகள் வாகோரா ஆறு குதிரைலாட வடிவில் வளைந்து ஓடும் பள்ளத்தாக்கின் சுவரில் இருக்கின்றன. அந்தக் கருங்கல் சுவர் சூடேறினால் சாயங்காலம் வரை அனல் அடிக்கும். குழந்தைகள் பத்தாவது குகைக்குள் துவண்டுவிடுவார்கள். அரையாண்டு லீவு நல்ல சமயம். கூட்டம் இருக்கும், ஆனால் நடக்கலாம்.

கோவையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய அவுரங்காபாத்) சேர்ந்தால்தான் நாலு நாளில் முடியும். ஈரோடு, சேலம் வழியாகப் போகும் கோவை - லோக்மான்ய திலக் எக்ஸ்பிரஸில் புனே வரை போய், அங்கிருந்து சாலையில் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் போவதும் உண்டு. அதற்குப் போக வர மட்டுமே மூன்று நாளுக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

சம்பாஜிநகரில் தங்கிக்கொள்ளுங்கள். எல்லோரா 30 கிலோமீட்டர், அஜந்தா 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லோரா குகைகள் மேற்குப் பார்த்தவை. மதியத்துக்கு மேல்தான் வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும், அதனால் எல்லோராவுக்கு மதியம் போங்கள். மொத்தம் 34 குகை. 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து சமயம், 30 முதல் 34 வரை சமணம். நுழைந்ததும் எதிரே நிற்பது 16-ஆம் எண், கைலாசநாதர். எல்லாரும் அங்கேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, புத்தர் குகைகளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். கைலாசத்துக்கு நேராக நின்றால் பௌத்தக் குகைகள் வலக்கைப் பக்கம். 12-இல் தொடங்கி 10, 5 என்று இறங்குவரிசையில் பாருங்கள். 12 மூன்று மாடிகள் குடைந்த மடம். 10-இல் மேற்கூரை மர உத்தரங்கள் போலக் கல்லிலேயே விலா விலாவாகச் செதுக்கப்பட்டிருக்கும், தூபத்தின் (ஸ்தூபி எனும் குவிமாட வடிவ வழிபாட்டுச் சின்னம்) முன்னே கால் தொங்கவிட்டு அமர்ந்த புத்தர். மெல்ல ஒரு ‘ஓ’ சொன்னால் போதும், அந்த விலாக்களில் ஒலி நின்று அடங்கும். கத்திப் பார்க்க வேண்டியதில்லை.

அஜந்தாவுக்குக் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். சொந்த வண்டி குகை வரை போகாது. சுமார் 4 கிலோமீட்டர் முன்னால் பர்தாபூர் பிரிவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அவர்களுடைய பஸ்ஸில்தான் போக வேண்டும். பஸ் கட்டணம் தனி, நுழைவுச்சீட்டு தனி. நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். 1, 2, 16, 17 ஆகிய நான்கும்தான் ஓவியத்துக்குப் பேர்போனவை, வரிசையும் அங்கேதான் நிற்கும். டூரிஸ்ட் பஸ்கள் வருமுன் 1, 2 இரண்டையும் முடித்துவிடுங்கள். பிறகு 9, 10, 16, 17, 19, கடைசியாக 26. இந்த எட்டு குகைக்கு நாலு மணி நேரம் ஆகும். மிச்சத்தை வாசலில் நின்று பார்த்தால் போதும். முப்பதையும் ஓடி ஓடிப் பார்த்தவர்களுக்கு வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் தனித்தனியாக நினைவில் நிற்பதில்லை.

9, 10 இரண்டும் கி.மு. காலத்தவை. அவற்றில் வணங்கியது தூபத்தை, புத்தர் சிலையை அல்ல. 1, 2, 16, 17, 26 எல்லாம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டு, வாகாடக மன்னர்கள் காலம். நடுவில் சில நூறு ஆண்டு இடைவெளி. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் 10-இல் ஏன் வெறும் தூபம், 26-இல் ஏன் தூபத்தின் முகப்பிலேயே புத்தர் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 26-இல் இடப்பக்கச் சுவரில் ஏறத்தாழ 7 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைத் தவறவிட வேண்டாம். அது அவர் மறையும் காட்சி. கீழே அழும் சீடர்கள், மேலே மகிழும் தேவர்கள். இரண்டு வரிசையையும் முகம் முகமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்க அப்பாருக்கு 74 வயசு. முட்டி வலி. ஆனா பார்த்தே ஆகணும்கிறார். கூட்டிட்டுப் போலாமா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோரா அவருக்குச் சுலபம். 16, 10 இரண்டும் கிட்டத்தட்ட தரைமட்டம். 12-இன் கீழ்மாடியோடு நிறுத்திக்கொள்ளலாம், மேல்மாடிப் படிகள் உயரமானவை. சமணக் குகைகள் தள்ளி இருப்பதால் வண்டியில் போக வேண்டும்.

அஜந்தாவில் டிக்கெட் வாங்கியதும் எதிரே வருவதே செங்குத்தான படிக்கட்டு. அதற்குமேல் குகைக்குக் குகை ஏற்ற இறக்கம். சக்கர நாற்காலி உதவாது. நாலு பேர் சுமக்கும் டோலி உண்டு. ஏறுமுன்பே கூலியைப் பேசி, அது எந்தக் குகை வரை, திரும்பி வரவும் சேர்த்தா, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்ற மூன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நடக்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கும் கால் முன்னால். கைத்தடி, வலிக்கும் முட்டிக்கு எதிர்ப்பக்கத்துக் கையில். முட்டியைப் படுத்துவது ஏறுவதைவிட இறங்குவதுதான். அதனால் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். குகைகளில் இன்னொரு தொல்லை வாசற்படி. பிக்குகள் தங்கிய சிற்றறைகளின் நிலை தாழ்வாக இருக்கும், உள்ளே தரை ஒரு சாண் பள்ளமாக இருக்கலாம். வெளிச்சத்திலிருந்து வரும் வயசாளிக்கு இரண்டுமே தெரியாது. நீங்கள் முதலில் உள்ளே போய்த் திரும்பி நின்று கை கொடுங்கள்.

கேள்வி: போன தடவை போனப்ப குகைக்குள்ள ஒண்ணுமே தெரியலைங்க. கருப்புச் சுவருதான் தெரிஞ்சுது. டார்ச் அடிக்கலாமா? போட்டோவுல மட்டும் எப்படிப் பளிச்சுனு இருக்குது?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: வெயிலில் நின்றுவிட்டு நேரே உள்ளே போனால் யாருக்கும் கருப்புச் சுவர்தான். கண் இருட்டுக்கு ஓரளவு பழக ஐந்து முதல் பத்து நிமிடம், முழுவதும் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அஜந்தாவின் ஓவியக் குகைகளில் ஆட்களைக் குழுக் குழுவாக விடுவதால் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. எனவே வெளியே வரிசையில் நிற்கும்போதே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, நிழலில் நின்று, செல்போன் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். வாசல் தாண்டியதும் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் பழகிய கண் மறுபடி கெட்டுப்போகும்.

உள்ளே மங்கலான விளக்கு வைத்திருக்கிறார்கள். ஓவியத்தின் மேல் டார்ச் அடிக்காதீர்கள், அதைக் காலடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் அறவே கூடாது. சுவரைத் தொடுவதும் சாய்வதும் கூடாது. காரணம் அந்தச் சுவர் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. முதலில் கொத்திய சொரசொரப்பான கல். அதன்மேல் கல்பொடி, நார், நெல் உமி கலந்து பிசைந்த மண் பூச்சு. அதன்மேல் இன்னும் நைசான மண் பூச்சு. அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு. அது காய்ந்த பிறகு செங்காவியில் கோடு போட்டு, பசை கலந்த வண்ணம் தீட்டினார்கள். சிவப்பும் மஞ்சளும் காவிமண், கருப்பு விளக்குக் கரி. நீலம் ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லைப் பொடித்தது. ஈரச் சுண்ணாம்பில் தீட்டியிருந்தால் வண்ணம் உள்ளே ஊறியிருக்கும். இது காய்ந்த பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமே. நம் மூச்சுக்காற்றின் ஈரத்தில் மண் பூச்சு உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. உப்பிச் சுருங்கியே கல்லை விட்டுப் பெயர்ந்துவிடும். உமிக்கும் நாருக்கும் பூச்சி வேறு வரும். 1920-களில் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்துப் பழுது பார்த்தது. அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி, ஓவியத்தையே மங்க வைத்தது. அதை நீக்கும் வேலை பிற்காலத்தவர் தலையில் விழுந்தது. நல்ல எண்ணத்தோடு தொட்டவர்களாலேயே கெட்டுப்போகும் பொருள் அது.

போட்டோவுக்கு செல்போனில் நைட் மோடு போதும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை வெளியே விட்ட இடைவெளியில் எடுங்கள். முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். போட்டோவுக்கு ஒரு நிமிடம், கண்ணுக்கு பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குகையின் உள்சன்னதி வாசலுக்கு இடப்பக்கம், கையில் நீலத்தாமரை ஏந்தி நிற்கும் பத்மபாணி என்ற போதிசத்துவரின் (புத்தராகும் வழியில் இருப்பவர்) தாழ்ந்த இமைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: இலங்கை தம்புள்ளை குகைக்கோயிலுக்கு எங்க ஊர்லருந்து இருபது பேர் போறோங்க. அங்க நம்ம கோயில் மாதிரி கற்பூரம், தேங்காய் எல்லாம் உண்டா? சட்டையைக் கழட்டணுமா?
(வாசகர், கொடுமுடி)

பதில்: தம்புள்ளை இன்றும் வழிபாடு நடக்கும் விகாரை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்ற வேண்டாம், கழற்றவும் கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி, சேலை மிகப் பொருத்தம், வெள்ளை என்றால் இன்னும் நல்லது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள், இறக்கிவிடுங்கள். செருப்பும் தொப்பியும் வெளியே. தலைப்பாகைத் துண்டையும் எடுத்துவிடுங்கள்.

கற்பூரம், தேங்காய் குகைக்குள் இல்லை. பூ கொடுக்கலாம். தாமரை, அல்லி, வெள்ளை அரளி வகைப் பூக்கள் விற்பார்கள். அவற்றை முகர்ந்து பார்க்கக் கூடாது, முகர்ந்த பூவைப் படைப்பதில்லை. மேடையில் நீங்களே வைத்துக் கும்பிடலாம், வாங்கிக்கொள்ள அர்ச்சகர் வரமாட்டார். விளக்கும் ஊதுபத்தியும் வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும். சிலையின் பக்கம் காலை நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. காணிக்கையைக் கையில் கொடுக்காமல் உண்டியலில் போடுங்கள்.

இருபது பேருக்கும் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுக்கக் கூடாது. இலங்கையில் இதைப் போலீஸ் வரை கொண்டுபோவார்கள். சிலையைப் பார்த்தபடி கைகூப்பி நிற்பதைப் பக்கவாட்டில் இன்னொருவர் எடுக்கலாம். புத்தர் படம் போட்ட சட்டையும் வேண்டாம், பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டைக் கீழேயே வாங்கிவிடுங்கள். மேலே போய்க் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள், ஏறியது வீண். அடிவாரத்தில் இருக்கும் பெரிய தங்கநிறப் புத்தர் இக்காலத்தியது, குகைகள் பாறைக்கு மேலே. முந்நூற்றுச் சொச்சம் படி. வழியில் குரங்கு உண்டு, கையில் பிளாஸ்டிக் பை வைத்திருப்பவரைத்தான் முதலில் மடக்கும். பூவையும் பழத்தையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு முன் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்தப் பாறை முற்றத்தைக் கடக்க முடியாது. கனமான பருத்திக் காலுறை ஒரு ஜோடி போட்டுக்கொண்டால் பொறுக்கலாம். பௌர்ணமி அங்கே போயா நாள், அரசு விடுமுறை. குடும்பம் குடும்பமாக வெள்ளை உடுத்தி வரும் கூட்டத்தைப் பார்க்க ஆசையென்றால் அன்று போங்கள். நிதானமாக ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் அன்று வேண்டாம்.

குகைகள் ஐந்து. முதலாவதில் பாறையிலேயே செதுக்கிய 14 மீட்டர் நீளச் சயனப் புத்தர். அறை நீளவாக்கில் குறுகியது, நின்று முழுதாகப் பார்க்க இடமில்லை. கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு மெல்ல நடங்கள். இரண்டு பாதமும் சமமாக ஒட்டியிருந்தால் உறக்கம், மேல்பாதம் சற்றே பின்வாங்கியிருந்தால் பரிநிர்வாணம் (புத்தரின் மறைவு) என்பது இலங்கைச் சிற்பிகளின் வழக்கம். நாட்டில் எந்தச் சயனப் புத்தரைப் பார்த்தாலும் முதலில் பாதத்தைப் பாருங்கள். இரண்டாவது குகைதான் பெரியது: 52 மீட்டர் நீளம், 23 மீட்டர் ஆழம். கூரை ஓவியம் பாறையின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் போவதால் துணிப்பந்தல் கட்டியது போலத் தெரியும். ஓரிடத்தில் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பாத்திரத்தில் பிடிக்கிறார்கள், அதை வழிபாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். தொட வேண்டாம். விஷ்ணுவும் அங்கே நிற்கிறார், கும்பிட்டுக்கொள்ளலாம்.

தமிழர்கள் அறிந்துகொண்டு போக வேண்டிய கதையும் இங்கே உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் தென்னாட்டிலிருந்து வந்த தமிழர் படையிடம் அனுராதபுரத்தை இழந்த வலகம்பா மன்னன் ஒளிந்து வாழ்ந்த இடம் இது என்பார்கள். நாட்டை மீட்டதும் குகைகளைக் கோயிலாக்கினான். இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்திஸ்ரீ ராஜசிங்கன் காலத்துத் திருப்பணி. அவன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். இரண்டையும் சேர்த்து அறிந்தவருக்குத்தான் அந்த மலை முழுதாகப் புரியும்.

திருச்சி, மதுரை, சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம். பயண அனுமதியை அரசு இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மழைக்காலம் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையோடு ஒட்டியது. மாசி, பங்குனி நல்லது.

கேள்வி: எங்க அரச்சலூர் நாகமலையில, புகளூர் ஆறுநாட்டார் மலையில எல்லாம் கல்படுக்கை இருக்குதே, அதெல்லாம் புத்த பிக்குகள் தங்கினதுதானுங்களா?
(வாசகர், அரச்சலூர்)

பதில்: அவை சமணர் படுக்கைகள். புகளூருக்குக் கல்வெட்டே சாட்சி. ‘அமண்ணன் யாற்றூர் செங்காயபன்’ என்ற துறவி தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது அறுப்பித்த கல் என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. அமணன் என்றால் சமணத் துறவி. சங்கப் பாட்டில் வரும் சேரர் வழி மூன்று தலைமுறை ஒரே பாறையில் நிற்கிறது, அதுவும் கரூர் மாவட்டத்தில், முருகன் கோயிலுக்குப் படியேறும் வழியில். பழனி பக்கத்து ஐவர்மலையும் சமணர் இடமே.

அரச்சலூர் அதற்கும் மேல் ஒரு அதிசயம். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, ‘த தை தா தை த’ என்று தொடங்கும் தாளக்கட்டு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படிப் படித்தாலும் ஒன்றே வரும். எழுத்தை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் உண்டு. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பௌத்தத் தடம் என்றால் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்துத் தியாகனூரில் அமர்ந்த புத்தர் சிலைகள் இருக்கின்றன. அது சமவெளி ஊர், குகை அல்ல.

ஆனால் இலங்கைக் குகைகளுக்குப் போகுமுன் நாகமலையையும் ஆறுநாட்டார் மலையையும் பார்த்துவிட்டுப் போவது உத்தமம். இரண்டு நாட்டிலும் கைவேலை ஒன்றே. இயற்கையாகத் துருத்தி நிற்கும் பாறையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டுவார்கள். பாறை வழியாக வழியும் மழைநீர் அந்த விளிம்புக்கு வந்ததும் உள்ளே போகாமல் சொட்டிவிடும். அந்த ஒரு வெட்டால்தான் பாறை நிழல் வீடாகிறது. இலங்கையில் அந்தக் காடிக்குக் கீழேதான் கல்வெட்டைத் தேட வேண்டும். மிகிந்தலையிலும் மற்ற மலைகளிலும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி, ‘வந்திருக்கும், இனி வரப்போகும், நான்கு திசைச் சங்கத்தாருக்கு’ இந்தக் குகை என்று பிராமியில் எழுதியிருக்கும்.

கல்வெட்டு தெரியவில்லையென்று சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் தவறாகப் போட்ட கோடும் எழுத்தாகிவிடுகிறது, கல்லும் தேய்கிறது. எண்ணெய், மஞ்சள், தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். செல்போன் விளக்கை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல், பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை நாலரைக்குப் பின்னும் வெயிலே அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: எனக்கு வீசிங் இருக்கு. வௌவால் நாத்தம் தாங்குமா?
(வாசகி, பல்லடம்)

பதில்: கல்லைப் பொறுத்தது. அஜந்தா, எல்லோரா, புனே பக்கத்துக் கார்லா எல்லாம் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் மனிதர் குடைந்தவை. வாசல் அகலம், காற்று வரும். சில இருட்டறைகளில் வௌவால் இருக்கும், அந்த அறைகளுக்குள் நுழையாமல் இருந்தால் போதும். தம்புள்ளை பாறைத் துருத்தலுக்குச் சுவர் வைத்துக் கட்டியது, அங்கே ஊதுபத்திப் புகையும் ஆள்கூட்டமும்தான் தொல்லை. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் குகைக்கோயில்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். தண்ணீரே அரித்து உண்டாக்கியவை, ஆழமானவை, ஈரமானவை. வௌவால் எச்சம் குவிந்திருக்கும். அந்த எச்சத்தில் வளரும் ஒரு வகைப் பூஞ்சையின் துகளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தொற்று வரலாம். என்95 மாஸ்க் போடுங்கள், சாதாரணத் துணி மாஸ்க் துகளைத் தடுக்காது. எச்சம் காய்ந்து கிடக்கும் இடத்தில் காலைத் தேய்த்து நடக்காதீர்கள். இன்ஹேலர் ஓட்டல் பெட்டியில் அல்ல, உங்கள் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், குகைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

கேள்வி: மலேசியா ஈப்போவுல சொந்தக்காரங்க இருக்காங்க. அங்க குகைக்கோயில் நிறையன்னு சொல்றாங்க. எதைப் பார்க்கலாம்?
(வாசகர், சூலூர்)

பதில்: பேராக் தோங், சாம் போ தோங், கெக் லோக் தோங் மூன்றும் நகரத்தை ஒட்டியவை, சீனர்கள் அமைத்தவை. நேரம் குறைவென்றால் 1926-இல் தொடங்கிய பேராக் தோங் ஒன்றே போதும். உள்ளே பெரிய புத்தர், சுவரெங்கும் ஓவியம், பின்பக்கமாக மலையுச்சிக்குப் படிகள். அந்தப் படிகள் ஈரமும் செங்குத்துமாக இருக்கும். சுண்ணாம்புக்கல் தரை சொட்டுநீரில் பளிங்கு போல வழுவழுத்துவிடும், அடிப்பக்கம் தேய்ந்த செருப்போடு போகாதீர்கள். தம்புள்ளைக்குச் சொன்ன காலுறை இங்கே உதவாது, ஈரத்தில் காலுறை வழுக்கிவிடும்.

கேள்வி: குகை வாசல்ல பெரிய பெரிய தேன்கூடு பார்த்தேன். கொட்டினா என்ன செய்யறது?
(வாசகர், ராசிபுரம்)

பதில்: நம் கொல்லிமலையில் பார்க்கும் அதே மலைத்தேனீதான். அஜந்தா, மும்பையின் கன்னேரி போன்ற உயர்ந்த பாறைச் சுவர்களில் கட்டும். சென்ட், புகை, கல்லெறிதல், கூச்சல் இந்த நாலும்தான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகின்றன. ஒன்றிரண்டு சுற்றினால் அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயிலிருந்து வரும் வாடைக்கே மற்றவை திரண்டு வரும். கூட்டமாக வந்துவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நிற்காமல் நூறு மீட்டருக்கு மேல். கதவு மூடிய வண்டியோ அறையோ கிடைத்தால் நல்லது. தண்ணீரில் குதிக்காதீர்கள், மேலே வரும்வரை அவை காத்திருக்கும். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ, குழந்தைக்குப் பத்துக்கு மேல் கொட்டியிருந்தாலோ நேரே ஆஸ்பத்திரி. மகாராஷ்டிரத்திலும் 108-தான். இலங்கையில் 1990.

தம்புள்ளைக்குப் பக்கத்துச் சிகிரியாவில் குளவிக்கூடு உண்டு. அங்கே அறிவிப்புப் பலகை சொல்வது போல அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும்.

கேள்வி: பனியன் வியாபாரமா மாசம் ஒரு தடவை மும்பை போறேன். அரை நாள் கிடைக்கும். அதுக்குள்ள பார்க்கிற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: உங்களுக்கென்றே இருக்கிறது கன்னேரி. போரிவலி ரயில் நிலையத்தில் இறங்கி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா வாசலுக்குப் போய், அங்கிருந்து பூங்கா பஸ்ஸில் ஆறேழு கிலோமீட்டர். திங்கட்கிழமை விடுமுறை. மொத்தம் 109 குகை, அத்தனையையும் தேட வேண்டாம். 3-ஆம் எண் சைத்தியத்தின் (தூபம் வைத்து வணங்கும் மண்டபம்) முன்மண்டபத்தில் இருபுறமும் நிற்கும் பிரம்மாண்டமான புத்தர்களைப் பாருங்கள். பிறகு 11, 41, 90. நாற்பத்தொன்றில் பதினொரு தலை அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். தொண்ணூறில் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் 11-ஆம் நூற்றாண்டில் பொறித்துவிட்டுப் போன பஹ்லவி எழுத்துகள். வியாபாரிக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. கல்யாண், சோபாரா துறைமுகத்து வணிகர்கள் கொடுத்த தானங்களின் கல்வெட்டுகள் அங்கே நிறைய. குகைக்குக் குகை பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளையும், மேலிருந்து மழைநீரை அவற்றுக்குக் கொண்டுவரும் வாய்க்கால்களையும் பாருங்கள். ஆடி, ஆவணி மழையில் போனால் அவை இன்றும் வேலை செய்வது தெரியும். பாறை அப்போது பாசி பிடித்து வழுக்கும்.

ஒரு முழு நாள் கிடைத்து, புனே வழியாகத் திரும்புவதாக இருந்தால் கார்லாவில் இறங்குங்கள். நம் நாட்டின் மிகப்பெரிய குடைவரைச் சைத்தியம் அதுதான், 45 மீட்டர் நீளம். கூரையில் இருக்கும் வளைவு மரங்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வைத்த அதே மரங்கள். மேற்குப் பார்த்த வாசல், அதனால் சாயங்காலம் போங்கள். வாசலிலேயே ஏகவீரா அம்மன் கோயில் இருப்பதால் ஞாயிறும் நவராத்திரியும் தள்ளுமுள்ளு. வேலைநாளில் போனால் மண்டபம் முழுக்க உங்களுக்கே. எதிர்ப்பக்கத்துப் பாஜா குகைக்கு, புனே - லோணாவளா லோக்கல் ரயில் நிற்கும் மளவலியிலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் பாஜாவை முதலிலும், கார்லாவை நாலு மணிக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து, டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் இல்லாத, யாரும் போகாத குகையா பார்த்துப் போலாம்னு இருக்கோம். என்னென்ன வேணும்?
(கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்)

பதில்: முதலில் வேண்டியது வனத்துறை அனுமதி. உங்கள் பக்கத்து மலைகளில் பாறைப் பொந்துக்குள் கரடி படுத்திருக்கும், பாதையில் யானை நிற்கும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது வழக்கில் முடியும். அனுமதியோடு, உள்ளூர் ஆளோடு போனால் தலைக்கு இரண்டு விளக்கு, மாற்று பேட்டரி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கட்டுத்துணி, விசில். திரும்பும் நேரத்தை வீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிச்சம் எட்டாத இடத்துக்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். உள்ளே பழைய சிலையோ எழுத்தோ தென்பட்டால் தொடாமல், துடைக்காமல், இடத்தை இணையத்தில் போடாமல், படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தில் கொடுங்கள். படத்தில் அளவு தெரிவதற்கு ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.